ஐந்து நாள் ஊசி, ஐந்து மணி நேர இயந்திரம்: அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுத்த அனுபவம்

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, வேண்டிய மட்டும் ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், தட்டணுவுக்குப் பத்து நாள்தான். ரத்தம் ஊறும் இடமே கெட்டுப்போனால், வெளியிலிருந்து ஏற்றுவது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"ரத்தம் ஊறும்" என்று பேச்சுவாக்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எங்கே ஊறுகிறது என்று யோசித்ததே இல்லை. எலும்பு மஜ்ஜையில்! வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில். சிவப்பணு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி பிறக்கிறதாம். இவற்றையெல்லாம் பிறப்பிக்கும் தாய்ச் செல்கள்தான் ஸ்டெம் செல்கள். அண்ணனுக்கு வேண்டியது, பொருந்தக்கூடிய ஒருவரின் ஸ்டெம் செல்கள்.

பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. என்னும், செல்களின் மேலிருக்கும் அடையாளப் புரதங்களை வைத்து. உடன்பிறந்தவர்களுக்குள் அது முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். எனக்குப் பொருந்தியது. ஆனால் அண்ணன் பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். ரத்த வகை மாறியிருந்தாலும் கொடுக்கலாம் என்றார்கள்.

ஜி.சி.எஸ்.எஃப். ஊசியைத் தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டார்கள். மஜ்ஜைக்குள் தங்கியிருக்கும் ஸ்டெம் செல்களை அது ரத்த ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். இரண்டாம் நாள் இரவு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பல்வலியை எலும்புக்குள் வைத்த மாதிரி ஒரு வலி. பாராசிட்டமாலில் கொஞ்சம் அடங்கியது. கொடுக்கப்போகிறவர்கள் இந்த வலிக்குத் தயாராகவே இருங்கள். ஊசி நின்றதும் சில நாளில் போய்விடும். நான்காம் நாள் வெள்ளையணு 42,000. வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். பதறிப்போய்க் கேட்டேன். "பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். தானா இறங்கிடும்" என்றார் சிஸ்டர்.

ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து போகும் ரத்தத்தை இயந்திரம் வேகமாகச் சுழற்றுகிறது. கனமான சிவப்பணு ஒரு பக்கம் ஒதுங்குகிறது, வெளிர்மஞ்சள் பிளாஸ்மா இன்னொரு பக்கம். நடுவில் மெல்லிய ஏடு போல வெள்ளையணுக்கள். ஸ்டெம் செல்கள் அந்த ஏட்டில்தான் இருக்கின்றன. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறு கை வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்; அதுவே இரண்டு மூன்று சுற்று போய் வந்தது. நடுவில் உதடு மரத்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகுமாம். உடனே சொன்னதால் கால்சியம் கொடுத்தார்கள், சரியாயிற்று. சொல்லாமல் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்து மணி நேரம் கழித்து, தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பை. அவ்வளவுதான்.

அதைச் சாதாரண ரத்தம் போலவே அண்ணனுக்கு நரம்பு வழியே ஏற்றினார்கள். எலும்பில் யாரும் கை வைக்கவில்லை. அந்தச் செல்கள் தாமாகவே வழி தேடி மஜ்ஜைக்குள் போய் அமர்ந்துகொள்கின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

அப்புறம் காத்திருப்பு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு வகை தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் செல்கள் பிடித்துக்கொண்டதாகக் கணக்கு. 16-ஆம் நாள் அந்தச் செய்தி வந்தது.

பழைய சிவப்பணுக்கள் தீரத் தீர, அவருடைய ரத்த வகையும் மாறும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறாவது மாதம் அண்ணன் போன் செய்தார்.

"டேய், ரிப்போர்ட்ல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. உன் கார்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுடா."