76 வயதில் கத்தியா?

"76 வயதில் நெஞ்சைத் திறப்பதா?" என்று, நுரையீரலில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய் இருந்த பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். வைத்தியரோ வயதைக் கேட்டதோடு நிற்கவில்லை. குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார், இதயத்தைச் சோதித்தார், மாடிப்படி ஏறச் சொன்னார். திருகோணமலை பிரெட்றிக் கோட்டை மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில்வரை தினமும் ஏறுகிற மனிதருக்கு மாடிப்படி ஒரு பொருட்டா! (சுருட்டை விட்டு 20 வருடம். பெரியம்மாவின் சண்டைக்கு நன்றி.)

வயது கூடினால் ஆபத்தும் கூடும்தான். நிமோனியா வரலாம், இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம். ஆனால் ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய்க்கு, வயதை மட்டும் காட்டிச் சத்திரசிகிச்சையை மறுக்கக்கூடாது என்றார் வைத்தியர்.

சத்திரசிகிச்சை முடிந்து பெரியப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம். உட்துறைமுக வீதிவரை நடந்துவிட்டு வந்து, சூடைமீன் சொதி எங்கே என்கிறார்.