அரிசி ஆலைக்கான வரிச் சலுகைக் கோப்பு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் எங்கள் குடும்பக் கம்பனி நடத்தும் அரிசி ஆலைக்குக் கலர் சோட்டரும் (அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) கொதிகலனும் வாங்கிய பின், இலங்கையின் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் அவற்றுக்குரிய மூலதனக் கழிவை, அதாவது சொத்தின் செலவை ஆண்டுகளாகப் பகுத்து வருமானத்திலிருந்து கழிப்பதை, கோருவதற்கான கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பில்களைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுத்தால் போதும் என்றே எண்ணியிருந்தேன்.

மட்டக்களப்பு நகரிலுள்ள பட்டயக் கணக்காளர் கோப்பைத் திறந்ததும் கேட்டது ஒன்றே: "தம்பி, இந்த மெசின் எப்ப ஓடத் தொடங்கினது?" பில்லில் இருந்தது பெப்ரவரி, ஆனால் த்ரீ பேஸ் மின்னிணைப்புக் கிடைத்து இயந்திரம் ஓடியது ஏப்ரலில். வரி மதிப்பாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அன்று சொத்து நமக்குச் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது, வருமானம் உழைப்பதில் பயன்பட்டுக்கொண்டும் இருக்க வேண்டும் என்பதால், எங்கள் கோரிக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. பெரும்போக அறுவடைக்கும் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்த முடியாமற்போயிருந்த எங்களுக்கு அது பெரிய இழப்பாகவே இருந்தது.

கோப்பை முதலிலிருந்து கட்டினேன். ஒவ்வொரு சொத்துக்கும் ஓர் உறை. அதனுள் கொள்வனவுக் கட்டளை, விலைப்பட்டியல், சுங்கப் பத்திரம், பணம் போனதைக் காட்டும் வங்கிக் கூற்று, மின்னிணைப்புக் கடிதம், முதல் நாள் உற்பத்தியைப் பதிந்த ஆலைக் கொப்பியின் பிரதி. மங்கத் தொடங்கியிருந்த வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகளை உடனே பிரதியெடுத்தேன்.

முற்பணப் பற்றுச்சீட்டு ஒன்று அண்ணனின் பெயரில் இருந்தது. பெயரை மாற்றிப் புதிதாக எழுதி வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. கம்பனி அவருக்கு அத்தொகையைத் திருப்பிச் செலுத்திய வங்கிப் பதிவையும், அதற்கான இயக்குநர் தீர்மானத்தையும் இணைத்தேன். நடந்ததை நடந்தபடி காட்டும் தாள்தான் கேள்வி வரும்போது தாங்கும்.

இயந்திரத்தின் செலவு 5 ஆண்டுகளிலும் கட்டடத்தின் செலவு 20 ஆண்டுகளிலும் கழிக்கப்படுவதால், மேசனுக்கு ஒரே தொகையாகக் கொடுத்த கூலியைப் பிரிக்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கெனப் போட்ட அத்திவாரம் எதில் சேரும் என்பதை நானே தீர்மானிக்காமல், அளவுக் குறிப்புடன் தனித்தாளில் கேள்வியாக எழுதிவைத்தேன்.

வரி விபரத்திரட்டின் இறுதி நாளான நவம்பர் 30, படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் அறுபடும் காலத்திலேயே வருகிறது. ஆகவே செப்டெம்பரிலேயே கோப்பை உறையிட்டு, குருமண்வெளிப் படகுத் துறையால் வாவியைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். இம்முறை கணக்காளர் எந்தத் தாளையும் தேடவில்லை. நாங்கள் இருந்து பேசியது முழுவதும் அந்த அத்திவாரத்தைப் பற்றித்தான்.