"சட்டம் எங்கே?"

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மாதிரித் தேர்வில் வந்த கேள்வி: "இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு எதிரானதா?" எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இட ஒதுக்கீடு இல்லாமல் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். மூன்று பக்கம் கொட்டித் தீர்த்தேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது இரண்டே சொல்: "சட்டம் எங்கே?"

வலித்தது. அன்றிரவே, சென்னை மாநிலக் கல்லூரிகளில் சாதி, மத வாரியாக இடம் பிரித்த அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பை எடுத்தேன். கைடுகளில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தீர்ப்பில் ஒவ்வொரு 14 இடத்துக்குமான பங்கீடே இருக்கிறது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம் 1. சாதி, மதத்தை மட்டும் பார்த்து இடம் மறுப்பது அரசியல் சாசனத்தின் 29(2) பிரிவுக்கு முரண் என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பெண் இருந்தும் பிறப்பைக் காட்டித் தள்ளலாமா என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. அதை முழுப் பலத்தோடு எழுதிப் பழகுங்கள். எனக்குக் கை கூசியது, ஆனாலும் எழுதினேன். அதே ஆண்டு ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4)-ஐச் சேர்த்தது.

பலரும் கோட்டை விடுவது 1975-இன் என்.எம். தாமஸ் வழக்கில். அரசு வேலையில் இட ஒதுக்கீட்டை அனுமதிக்கும் 16(4) சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தின் ஓர் அங்கம் என்ற பார்வை அங்கேதான் வலுப்பெற்றது. விதிவிலக்கு என்றால் இட ஒதுக்கீடு வெறும் சலுகை. அங்கம் என்றால், அது இல்லாமல் சமத்துவமே நிறைவேறாது. நியாயமா, பாகுபாடா என்ற சண்டை முழுக்க இங்கேதான் சுழல்கிறது என்பது என் கருத்து.

இந்திரா சாஹ்னி வழக்கு, அது வைத்த 50 சதவீத வரம்பு, பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை விலக்கும் கிரீமி லேயர், நம் தமிழ்நாட்டின் 69 சதவீதம், அதற்குப் பாதுகாப்புத் தந்த 76-ஆவது திருத்தம் எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். ஒரு பத்தி போதும். 2022-இல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 3-2 என்று ஏற்ற தீர்ப்பில், மாறுபட்ட இரு நீதிபதிகளின் தீர்ப்பை அவசியம் படியுங்கள். ஏழைகளுக்கான ஒதுக்கீட்டிலிருந்து பட்டியலினத்து, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை விலக்கியதுதான் பாகுபாடு என்கிறார்கள்.

விடைத்தாளில் நம் அடையாளம் தெரியக் கூடாது என்பது விதி. அப்பா கைநாட்டு வைத்த சேர்க்கைப் படிவத்தின் நகல் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், தாமஸ் வழக்கிலிருந்து தொடங்கினேன்.