கண்மாய்க் குறிப்புகளுக்கு ஓர் இணையதளம்: ஓய்வுக்குப் பிறகு எச்டிஎம்எல் கற்ற அனுபவம்

சிவகங்கை மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்த ஊர்களின் கண்மாய்களைப் பற்றி நோட்டுகளில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் மடை எத்தனை, ஒவ்வொரு மடைக்கும் ஊரார் சொல்லும் பெயர் என்ன, உபரிநீர் வெளியேறும் கலுங்கு எந்தப் பக்கம், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு முதலில் பாயும் என்றெல்லாம் எழுதியிருப்பேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு என்பது அரசுக் கணக்கு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். பரப்பளவும் சர்வே எண்ணும் பதிவேட்டில் இருக்கும். மடையின் பெயரும் முறைப்பாய்ச்சலின் வரிசையும் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த நோட்டுகளை யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் என் தேவை.

சமூக வலைத்தளத்தில் எழுதலாம் என்று பலர் சொன்னார்கள். அங்கே இன்று எழுதியது அடுத்த வாரம் கீழே போய்விடும், ஊர்வாரியாக அடுக்கி வைக்கவும் முடியாது. ஆயத்த வார்ப்புருவில் இழுத்துப் போட்டுத் தளம் செய்துகொள்ளும் சேவைகளும் இருக்கின்றன. சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் பக்கங்கள் என் கையில் கோப்புகளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவாவுக்கு அருகில் உள்ள சேர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையதளம் 1991-ல் பொதுப் பார்வைக்கு வந்தது. அந்தப் பக்கத்தை இன்றைய உலாவியிலும் திறந்து படிக்க முடிகிறது. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். முப்பது ஆண்டு கடந்தும் படிக்க முடிகிற வடிவம் என்றால், கண்மாய்க் குறிப்புக்கு அதுவே போதும் என்று முடிவு செய்தேன்.

கற்றுக்கொடுத்தது தங்கை மகள். அவள் கோயம்புத்தூரில் கணினி வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது என் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "மாமா, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஏத்தணும்னு நினைக்காதீங்க. ஒரு கண்மாயை எடுத்து ஒரு பக்கம் போடுங்க. அழகெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். தொடங்குகிறவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்வேன்.

இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழிதான் எச்டிஎம்எல். முதல் பக்கத்தை விண்டோஸில் இருக்கும் நோட்பேடிலேயே எழுதினேன். கோண அடைப்புக்குறிக்குள் குறிச்சொல் போட்டு, நடுவில் நம் எழுத்தை வைத்து, பிறகு குறிச்சொல்லை மூட வேண்டும். பெரிய தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, அட்டவணைக்கு டேபிள். கோப்பைச் சேமித்து இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் உலாவியில் திறக்கிறது. இணையமே தேவையில்லை. கண்மாயின் பெயர் தலைப்பாக, அதன் கீழே மடைகளின் அட்டவணை என என் கணினித் திரையில் பார்த்த அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

எச்டிஎம்எல்லில் பிடிபட வேண்டிய கருத்து ஒன்றுதான். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று அது சொல்கிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் என்ற தனிக் கோப்பு பார்த்துக்கொள்கிறது. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 போடக் கூடாது. தலைப்பாக இருந்தால்தான் போட வேண்டும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போது தலைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்துக்குள் நகர்கிறார்கள். அது தெரிந்த பிறகு குறிச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கவனம் கூடியது.

பாடத்துக்கு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்களைப் படித்தேன். ஆங்கிலம்தான், ஆனாலும் நேரடியான ஆங்கிலம். ஒரு பகுதியைப் படித்து, உடனே என் பக்கத்தில் அதைச் செய்துபார்த்து, பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போவேன். காணொளிகள் எனக்கு ஒத்துவரவில்லை. கை வேலை செய்வதற்குள் அவர்கள் அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள்.

இனிமேல் சொல்வது தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு. ஆங்கிலப் பாடங்களில் இதில் பெரும்பகுதி வராது.

என் குறிப்புகளில் ஒரு பகுதியை முன்பே தட்டச்சு நிலையத்தில் கொடுத்துக் குறுந்தகட்டில் வாங்கி வைத்திருந்தேன். அவை வானவில் எழுத்துருவில் இருந்தன. அந்தக் காலத்து எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்ப்பதுதான் பெரிய வேலை. துணைக்காலுக்கு (ா) பதில் ரகரம் (ர) நிற்கும். 'ஔ' எழுத வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. 'கால்வாய்' என்று தேடுகிறவருக்கு ரகரம் போட்ட கால்வாய் அகப்படாது. ஊர்ப்பெயரைத் தேடித்தான் மக்கள் வருவார்கள் என்பதால் இதில் சோம்பல் காட்டவில்லை, வரி வரியாகப் பார்த்தேன். புதிதாக எழுதுவதற்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டேன். இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலான மெய் என்ற அமைப்பு கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்து, பக்கத்தின் தொடக்கத்தில் மறக்காமல் எழுத வேண்டிய மூன்று செய்திகள் உண்டு. எழுத்துக் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று அறிவிப்பது ஒன்று. இது இல்லாவிட்டால் சில உலாவிகளில் தமிழ் சிதைந்துபோகும். பக்கத்தின் மொழி தமிழ் என்று சொல்வது இன்னொன்று. திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் படிக்க வேண்டுமென்றால் இது தேவை. மூன்றாவது வியூபோர்ட் வரி. அதை எழுதாவிட்டால் கைப்பேசி இதைப் பெரிய திரைக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும், எறும்பளவு எழுத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டிவரும். எங்கள் பக்கம் எல்லாரும் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். அதனால் நான் முதலில் கைப்பேசித் திரைக்குப் பார்த்துவிட்டுத்தான் கணினித் திரைக்குப் போவேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் என்று இலவச எழுத்துருக்கள் வேறும் உண்டு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பத்தி பத்தியாகப் படிக்க நோட்டோதான் கண்ணை உறுத்தாமல் இருந்தது. தமிழில் மேலே இகரக் கொக்கி, கீழே உகரச் சுழி என்று இரண்டு பக்கமும் எழுத்து நீள்கிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியை வைத்தால் மேல்வரிச் சுழியும் கீழ்வரிக் கொக்கியும் ஒன்றையொன்று இடிக்கும். வரி உயரத்தை 1.8 என்று வைத்த பிறகுதான் பக்கம் மூச்சு விட்டது. சாய்வெழுத்தைத் தவிர்த்துவிட்டேன். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வு வடிவமே கிடையாது, உலாவிதான் நேர் எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கிறது, பார்க்க நன்றாக இல்லை. இரண்டு ஓரமும் நேராக வரும்படி பத்தியை அமைப்பதும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசியின் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்கள்தான் வரும், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும். மிக நீண்ட சொல் திரையைத் தாண்டிப் போகாமல் மடக்க ஓவர்ஃப்ளோ ராப் என்ற சிஎஸ்எஸ் வரி இருக்கிறது. பட்டியலை ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் வரிசைப்படுத்தவும் சிஎஸ்எஸ்ஸில் வழி இருக்கிறது. மடைகளின் பட்டியலுக்கு அதைப் பயன்படுத்தியதில் எனக்குத் தனி நிறைவு.

படங்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி வரும். அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைவான ஊரில் பக்கம் திறக்காது. 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் இருநூறு கேபிக்குள் வந்துவிடும், கல்மடையின் தூண் வேலைப்பாடும் தெளிவாகத் தெரியும். படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். கல்வெட்டு உள்ள தூண்களின் படங்களில் அந்த விவரத்தை நீக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு வழிகாட்டக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பான் படித்துச் சொல்ல, ஆல்ட் விளக்கம் எழுதுகிறேன். 'கண்மாய் படம்' என்று எழுதினால் பயனில்லை. 'தெற்கு மடையின் இரண்டு கல்தூண்கள், பின்னால் வறண்ட கண்மாய்' என்று எழுதினால் பார்க்க முடியாதவருக்கும் கண்மாய் மனதில் வரும்.

பக்கங்கள் கணினியில் தயாரான பிறகு இணையத்தில் ஏற்றுவது. கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச வசதியைப் பயன்படுத்தினேன். என் தளம் போல நிலையான பக்கங்களுக்கு அது தாராளம், ஒரு ஜிபி வரை இடம் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கி, கோப்புகளை வைக்கும் இடமான ரெபாசிட்டரி ஒன்று உருவாக்கி, கோப்புகளை உலாவி வழியாகவே பதிவேற்றலாம். முதல் பக்கத்தின் பெயர் இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று இருக்க வேண்டும். எந்த நாளில் எந்த வரியை மாற்றினோம் என்பதும் அங்கே பதிவாகிறது. பயிர்க் கணக்கான அடங்கல் எழுதிப் பழகியவனுக்கு அது பெரிய ஆறுதல்.

இங்கே ஒரு நுணுக்கம். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது, கிட்ஹப்பின் சர்வர் பார்க்கும். கணினியில் தெரிகிற படம் இணையத்தில் தெரியாவிட்டால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்க எனக்கு மிகுந்த ஆசை. வைக்கவும் முடியும். ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து அனுப்பினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுகிறது. ஒரு கண்மாயின் பெயர் அரைப்பக்கம் ஓடும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர்கள் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார்கள். அதனால் கோப்புப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், பக்கத் தலைப்பு தமிழில் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு டாட் இன் முகவரி ஒன்றை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். டிஎன்எஸ் என்பது எனக்கு எளிதாகவே புரிந்தது. சர்வே எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பெயர் இருப்பது போல, முகவரிக்கு எதிரே எந்த சர்வர் என்ற எண் அங்கே இருக்கிறது. கிட்ஹப் தரும் நான்கு எண்களை அந்தப் பதிவேட்டில் ஏ ரெக்கார்டு என்ற வகைப் பதிவாக எழுத வேண்டும். உலகமெங்கும் அது பரவ ஒரு நாள் வரை ஆகலாம், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும். தொடர்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டையும் அதே அமைப்புப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், தனிச் செலவு இல்லை.

தளம் வந்த பிறகு ஊர்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு பெரியவர், நான் 'நடுமடை' என்று எழுதியதைக் கிழக்குத் தெருவில் 'பெரிய மடை' என்றுதான் சொல்வார்கள் என்றார். இரண்டு பெயரையும் போட்டு, எந்தத் தெருவின் வழக்கு என்பதையும் எழுதிவிட்டேன். இன்னொருவர், வரத்துக்கால் இப்போது அடைபட்டுக் கிடக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பினார். அதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் 'இன்றைய நிலை' என்று ஒரு பகுதியைச் சேர்த்து, தகவல் கிடைத்த மாதத்தையும் குறிக்கிறேன்.

இப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தைப் பக்கங்களில் சேர்க்கும் வேலை நடக்கிறது. ஒரு கண்மாயின் கலுங்கு நீர் அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது என்பதைக் கோடாகக் காட்ட வேண்டும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொஞ்சம் தேவைப்படுகிறது, படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வட்டத்தில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தன் ஊர்க் கண்மாய்களையும் இப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டார். என் பக்கம் ஒன்றில் ஊர் விவரங்களை எடுத்துவிட்டு, அட்டவணையும் சிஎஸ்எஸ் கோப்பும் அப்படியே இருக்கும்படி அவருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் கண்மாய்க்கு அவர் மடைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.