சிகிச்சையை நிறுத்துவதும் உயிரைப் பறிப்பதும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதியவர் ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடக்கும்போது, கட்டிலருகே நிற்கும் மகள் பங்குத்தந்தையிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மெசினைக் கழட்டச் சொன்னால் அது கொலைப் பாவமாகாதோ, ஃபாதர்?" அதே வேளையில் ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் மகன், "எவ்வளவு செலவெண்டாலும் பரவாயில்லை, செய்யக்கூடியதெல்லாம் செய்யுங்கோ" என்கிறான். இருவரும் ஒரே மறைக்கல்வி வகுப்பில் "கொலை செய்யாதே" என்ற ஐந்தாம் கட்டளையை மனனம் செய்தவர்கள். அந்தக் கட்டளைக்கும் சுவாசக் கருவிக்கும் இடையில் உள்ள வேறுபாடுகளை அவர்களுக்கு எவரும் விளக்கியதில்லை.

ஏதாவது செய்து ஒருவர் இறந்தால் அது கொலை, ஒன்றும் செய்யாமல் விட்டு இறந்தால் அது இயற்கைச் சாவு என்றே பலரும் நினைக்கிறார்கள். திருச்சபை அந்த இடத்தில் கோடு கிழிக்கவில்லை. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே 5ஆம் திகதியிட்டு வெளியிட்ட அறிக்கை, துன்பம் அனைத்தையும் நீக்கும்பொருட்டு, தன்னியல்பிலோ நோக்கத்திலோ சாவை விளைவிக்கும் செயலையும், அவ்வாறே செய்யாமல் விடுவதையும் ஒருங்கே கருணைக்கொலை என்று வரையறுக்கிறது. நீரிழிவோடு ஓரளவு நலமாக வாழும் பாட்டிக்கு, "இனி இருந்து என்ன பயன்" என்று எண்ணி இன்சுலினைக் கொடுக்காமல் விடும் பேரன், கையால் எதையும் செய்யாதபோதும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறான். மீளும் நம்பிக்கை அற்றுப்போன உடலிலிருந்து சுவாசக் கருவியை அகற்றும் வைத்தியர் வெளிப்படையாக ஒரு செயலைச் செய்கிறார். ஆயினும் அவர் அதற்குள் வரவேண்டியதில்லை.

அப்படியானால் கோடு எங்கே ஓடுகிறது? சாவை நாம் நாடுகிறோமா, அல்லது தடுக்க முடியாத சாவை ஏற்றுக்கொள்கிறோமா என்பது ஒரு பகுதி. இந்த நோயாளிக்கு இந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது, எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறது என்பது மறுபகுதி. இது நவீனக் கருவிகளைக் கண்டு திருச்சபை அவசரமாகக் கண்டுபிடித்த விதி அன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உணவே வேதனையாகும் அளவுக்குத் தளர்ந்துபோன நோயாளி உண்ணாமல் விட்டால் அவனைக் குற்றவாளியாக்க முடியாது என்றார். வைத்தியர் சொன்னாலும் விலையுயர்ந்த உணவைத்தான் உண்ணவேண்டும் என்ற கடமை இல்லை, மிக ஆரோக்கியமான இடத்துக்குக் குடிபெயரும் கடமையும் இல்லை என்றார். தாயாரை 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புத் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாததால் பாவம் செய்துவிட்டோமோ என்று வருந்தும் எம்மவர்கள் இதை வாசித்தால் சற்று ஆறுதல் அடைவார்கள். வித்தோரியாவுக்குப் பின்வந்த தொமிங்கோ பாஞ்யெஸ், உயிரைக் காக்கும் வழிகளைச் சாதாரணமானவை, அசாதாரணமானவை என்று பெயரிட்டுப் பிரித்தார். முன்னவை கடமை, பின்னவை கடமையல்ல.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று, மயக்கமருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கையில் இந்தப் பிரிப்பைச் சுவாசக் கருவிக்கே பொருத்திக் காட்டினார். ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்து, தமக்கோ பிறருக்கோ கடும் பாரத்தை ஏற்றாத வழிகளையே கடமையாகக் கொள்ளலாம் என்பது அவருடைய விடை. இந்தக் கருவி கட்டாயம், அந்தக் கருவி விருப்பம் என்று அவர் பட்டியல் போடவில்லை என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நியூமோனியா வந்த நாற்பது வயதுத் தந்தைக்குச் சில நாட்கள் சுவாசக் கருவி பொருத்துவது சாதாரண வழி. உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் தொண்ணூறு வயது மூதாட்டிக்கு அதே கருவி, அதே வைத்தியசாலையில், அசாதாரண வழியாகலாம். இந்தச் சொற்களுக்குப் பதிலாக இன்று பலரும் பொருத்தமானது, பொருத்தமற்றது என்று பேசுவதையே விரும்புகிறார்கள் என்று 1980ஆம் ஆண்டு அறிக்கையும் குறிப்பிடுகிறது.

தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் வீடுகளில் வலிதணிக்கும் மருந்தான மோர்பின் பற்றி எழும் தயக்கத்துக்கும் விடை பழையதுதான். வலியைத் தணிப்பதற்காகக் கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், சாவு நோக்கமாகவோ வழியாகவோ இல்லாதவரை அது ஏற்கத்தக்கது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2279ஆம் பத்தி தெளிவாகச் சொல்கிறது.

உண்மையில் கடினமான இடம் உணவும் நீரும்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004 மார்ச்சில் ஆற்றிய உரையில், குழாய்வழி கொடுக்கப்பட்டாலும் உணவும் நீரும் கொள்கையளவில் சாதாரணமான வழியே என்றார். நீண்டகாலம் உணர்வற்ற நிலையில் உயிர்வாழ்பவர்களை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டது அது. உடல் அந்த உணவை ஏற்க முடியாத நிலையில் இருந்தாலோ, குழாயே பெரும் வேதனையாகிவிட்டாலோ கடமை நீங்கலாம் என்று பேராயம் 2007இல் விளக்கியது. இறுதி நாட்களில் உடல் தானாகவே உணவை மறுக்கும் ஒருவருக்கும், சாகும் நிலையில் இல்லாமல் பல ஆண்டுகள் படுக்கையில் கிடப்பவருக்கும் இடையிலான வேறுபாட்டை எமது மறையுரைகளில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பின்னவருக்கு உணவை நிறுத்தினால் அவர் நோயால் அல்ல, பட்டினியால் இறப்பார்.

முடிவு யாருடையது என்பதையும் சொல்லவேண்டும். நோயாளி தெளிவோடு இருந்தால் முடிவு அவருடையது. இல்லையேல், அவருடைய நியாயமான விருப்பத்தை மதித்து, சட்டப்படி உரிமையுள்ளவர்கள் முடிவெடுக்கவேண்டும் என்கிறது மறைக்கல்வி நூலின் 2278ஆம் பத்தி. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனுக்கு அதனாலேயே கூடுதல் குரல் கிடைத்துவிடுவதில்லை. பங்குத்தந்தை நோயில் பூசுதல் என்ற அருட்சாதனத்தை வழங்கலாம், படிப்பினையை விளக்கலாம். கருவியைக் கழற்றும் வேளையை அவர் குறித்துக் கொடுக்க முடியாது. இயன்றால், நோயாளிக்கு நினைவு தப்புவதற்கு முன்பே பங்குத்தந்தையை அழைப்பது நல்லது. அம்மாவிடம் அவருடைய விருப்பத்தைக் கேட்கக்கூடிய நேரமும் அதுதான்.