புல்லட் கார்புரேட்டருக்கு ஒரு ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் விகித) மீட்டர்

என்னுடையது 1999 மாடல் புல்லட் 350, மிக்கார்ப் வி.எம். 24 கார்புரேட்டர். இத்தனை வருடமும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துத்தான் ட்யூன் செய்துவந்தேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் போட ஆரம்பித்த பிறகு இன்ஜின் கூடுதலாகச் சூடானது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென்று வெடித்தது. கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகியிருக்கிறது என்பது புரிந்தது. ஆக்சிலேட்டரின் எந்தத் திறப்பில், எவ்வளவு என்பதைப் பிளக் சொல்லாது.

முதலில் விலை மலிவு என்று நேரோபேண்ட் மீட்டர் வாங்கினேன். அது வீண். எக்ஸாஸ்டில் ஆக்சிஜனைப் பார்க்கும் அதன் சென்சர் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். ஆனால் லாம்டா 1-ஐ (காற்றும் பெட்ரோலும் சரிவிகிதத்தில் இருக்கும் புள்ளி; குறைந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; கூடினால் லீன்) தாண்டும் இடத்தில் சட்டென்று குதித்துவிடும். நமக்கு வேண்டியது, மீட்டர் காட்டும் விகிதத்தில் 12.5-க்கும் 13.5-க்கும் உள்ள வித்தியாசம். அங்கே வோல்டேஜ் ஏறக்குறைய அசையாது, சென்சர் சூட்டைப் பொறுத்தும் மாறும். ரிச்சா லீனா என்று மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் வைட்பேண்ட், எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே காட்டும் வகை. பாஷ் எல்.எஸ்.யு. 4.2 சென்சரா, 4.9 சென்சரா என்று ஒரு வாரம் யோசித்தேன். 4.2 வகை மீட்டர்களை அவ்வப்போது வெளிக்காற்றில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். 4.9-இல் பெரும்பாலும் அந்த வேலை இல்லை. அதனால் 4.9.

அதைவிட முக்கியமாக நான் பார்த்தது, மீட்டர் லாம்டாவில் காட்டுமா என்பது. சுத்தமான பெட்ரோலுக்குச் சரிவிகிதம் 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று), எத்தனாலுக்கு 9. ஈ20-க்கு ஏறக்குறைய 13.5 வரும். மீட்டரோ அளந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கித்தான் எண் காட்டுகிறது. அதில் 14.7 என்று வந்தால், ஈ20-இல் உண்மையான விகிதம் 13.5தான். லாம்டாவில் வைத்துவிட்டால் எந்த பெட்ரோலுக்கும் 1 என்பது 1தான், குழப்பம் இல்லை. பைக்கில் போகும்போது கண் ரோட்டில் இருக்க வேண்டும் என்பதால், பதிவு செய்ய 0–5 வோல்ட் அவுட்புட் இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

லேத்தில் 18 மி.மீ., 1.5 பிட்ச் மரை போட்ட நட்டு ஒன்று செய்து எக்ஸாஸ்ட் பைப்பில் வெல்டிங் வைத்தேன். சென்சர் படுக்கையாக இருக்கக்கூடாது, 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய வேண்டும்; இல்லையென்றால் நீர் தேங்கி சென்சர் உள்ளே விரிசல் விடும். சென்சரின் ஹீட்டர் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியின் சார்ஜிங்கை நம்பாமல் தனி 12 வோல்ட் பேட்டரியைப் பக்கப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஐடிலில் லாம்டா 1.15, அதாவது லீன் என்று காட்டியது; பிளக்கோ கரி, அது ரிச்சின் அடையாளம். ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவோடு ஒரு மணி நேரம் போராடினேன். கடைசியில் பார்த்தால், ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் லேசான கசிவு. அது வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டிருக்கிறது. சூடு தாங்கும் சீலண்ட் போட்டதும் 0.85-க்கு இறங்கியது. உண்மையில் ரிச். ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பினேன், 0.92.

கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் ஈ.சி.ஆரில் ஓட்டினேன். முழுத் திறப்பில் 0.97, காற்றில் குளிரும் இன்ஜினுக்கு இது ஆபத்து. முழுத் திறப்பில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை 90-இலிருந்து 95 ஆக்கியதும் 0.88. அரைத் திறப்பில் 1.04 இருந்தது, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன் (நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும்), 0.95 ஆனது. சூடு கண்கூடாகக் குறைந்திருக்கிறது, வெடிப்பும் நின்றுவிட்டது.

எட்டில் ஒரு பங்குக்கும் காலுக்கும் நடுவே மட்டும் இன்னும் 1.06. அது ஸ்லைடின் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் உருளை) அடி விளிம்பில் உள்ள வெட்டைப் பொறுத்தது. வெட்டு குறைந்த ஸ்லைடு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை சென்சரைக் கழற்றிவிட்டு ஓட்டையை போல்ட்டால் மூடி வைத்திருக்கிறேன்.