செட்டிநாட்டு வீட்டில் ஸ்பீக்கருக்கு இடம் பார்த்தது: எந்தப் பதிவைப் போட்டுக் கேட்பது?

தேவகோட்டையில் எங்கள் பழைய வீட்டின் நடு முற்றமான வளவை ஒட்டிய பெரிய அறையில்தான் ஸ்டீரியோ இருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கை தட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் ஓடி அதிரும். இப்படி ஒரு அறையில் பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரை நகர்த்திப் பயனில்லை. பழகிய பாட்டில் விட்டுப்போனதை மனசே நிரப்பிக்கொள்ளும். அதனால் ஒரு பதிவுக்கு ஒரே ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு தேடினேன்.

முதலில் மோனோ பதிவு, அதுவும் தனிக்குரல் ஓங்கி நிற்கும் பழைய கச்சேரி. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் குரல் நட்டநடுவில், ஓர் ஆள் அகலத்துக்குள் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் பரவி, அடிநாதமும் மெலிந்து கேட்டால் ஒரு பக்கத்தில் சிவப்பு, கறுப்பு வயர்கள் மாறியிருக்கும். பழைய மோனோவைப் பிற்பாடு ஸ்டீரியோ மாதிரி ஆக்கி வெளியிட்டவை இதற்கு உதவாது. அவற்றில் குரலே இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும்.

அப்பத்தாவைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் இருக்கும் திசையில் கையைக் காட்டச் சொன்னேன். "செவுத்துப் பக்கமாத் தள்ளி உக்காந்திருக்காரு ராசா" என்றார். சரியாகச் சொன்னார். இடப்பக்கம் வளவுக்குத் திறந்த வாசல், வலப்பக்கம் வெறும் சுவர். நான் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, தம்பி சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தினான். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிந்த இடத்தில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துத் தொங்கவிட்டோம். அடுத்த முறை அப்பத்தாவின் விரல் நடுவுக்கு வந்துவிட்டது.

துணி உச்ச ஒலியைத்தான் அடக்கும், அடிநாதத்தைத் தொடாது. அதற்கு மிருதங்கம்தான் என் தேர்வு. காரைக்குடி மணியின் (1945-2023) தனி ஆவர்த்தனம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் அடிநாதப் பக்கத்தில், கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி போடும்போது நாதம் கீழிருந்து வழுக்கி மேலே ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஓரிடம் மட்டும் வீங்கினாலோ குழி விழுந்தாலோ அது வாசித்தவர் செய்ததல்ல, அறை செய்வது. பின்சுவரிலிருந்து ஸ்பீக்கர் 1 மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை அடித்துவிடும். தூரத்தை மாற்றினால் குழியும் இடம் மாறும். கல் கல்லாக எண்ணி நகர்த்தினேன். எங்கள் வீட்டுக் கல் 10 அங்குலம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைக்க டேப்பே தேவைப்படவில்லை. மூன்று கல் தள்ளி வைத்தபோது கும்கி முழுசாக ஏறியது.

கடைசியாக, மேடையில் நேரடியாக ஸ்டீரியோவில் பதிவான கச்சேரி. பார்ப்பவருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின் என்பதுதான் வழக்கமான மேடை. பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி மிருதங்கத்தை இடக்கைப் பழக்கத்தில் வாசிப்பவர் என்றால் மாறும், ஆகவே யார் வாசித்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஸ்பீக்கருக்குள் ஒட்டிக்கொள்ளாமல், பாடகரை விட்டுக் கொஞ்சம் விலகி உட்கார்ந்த மாதிரி கேட்க வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தது. ஸ்பீக்கர்களை எட்டுக் கல் இடைவெளிக்கு நெருக்கி, முகத்தை என் பக்கம் லேசாகத் திருப்பியதும் மேடை கூடியது. தம்புரா நாதம் கூசினால் திருப்பியதைக் கொஞ்சம் குறைக்கலாம்.

வளவுக் கதவைச் சாத்தியும் இதே பதிவுகளைக் கேட்டேன். அடிநாதம் வெளியே போக வழியில்லாமல் கனத்தது. சாயங்காலம் எங்கள் வீட்டில் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும் என்பதால், திறந்த கதவுக்கு ஒத்துவந்த இடத்தையே வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் சாத்த நேர்ந்தால் ஸ்பீக்கரை அரைக் கல் முன்னே இழுத்துவிடுகிறேன்.